குவாதலூப்புக்கு இரண்டாம் முறை: எந்தக் கரையில் வில்லா, எந்த வேளைக்கு வெளிச் சாப்பாடு?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் புறநகரில் வசிக்கும் குடும்பம். போன முறை கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில், கோசியே என்ற ஊரில் ஹோட்டலில் ஒரு வாரம் தங்கியிருக்கிறார்கள், தீவு மிகவும் பிடித்துவிட்டது. இந்த முறை பிப்ரவரி பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம். தாத்தா, பாட்டி, பெற்றோர், இரண்டு சிறு பிள்ளைகள் என்று மொத்தம் ஆறு பேர். ஹோட்டல் வேண்டாம், நீச்சல் குளத்தோடு வில்லா வேண்டும். தாத்தா சுத்த சைவம், மற்றவர்கள் எல்லாம் சாப்பிடுவார்கள். வில்லாவை எங்கே எடுப்பது, சாப்பாட்டை எப்படி அமைத்துக்கொள்வது?

முதலில் ஒன்று: 14 இரவையும் ஒரே வில்லாவில் கழிக்காதீர்கள். குவாதலூப் ஒரே தீவு போலத் தெரிந்தாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தீவுகள். கிழக்கே கிராந்த்-தேர், சுண்ணாம்புக்கல் பூமி, தாழ்வானது, வெள்ளை மணல், பவளத்திட்டு காக்கும் ஆழமில்லாத கடல். மேற்கே பாஸ்-தேர், எரிமலை, மழைக்காடு, அருவி. சேன்-பிரான்சுவாவில் வில்லா எடுத்துக்கொண்டு மேற்குக் கரையில் உள்ள தேயேக்குப் போய் வர வேண்டுமென்றால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவே பே-மாஓவும் ஜாரி தொழிற்பேட்டையும் வருகின்றன. காலை 6.30 முதல் 9 வரை, மாலை 4 முதல் 6 வரை அங்கே வண்டிகள் நகராது. பிப்ரவரியில் மாலை 6.30க்கெல்லாம் இருட்டிவிடும். குழந்தைகளோடு நெரிசலில் சிக்கி இருட்டில் மலைப்பாதை ஏறுவது விடுமுறையையே கெடுத்துவிடும்.

எனவே முதல் எட்டு இரவு கிராந்த்-தேரில் சேன்ட்-ஆன் அல்லது சேன்-பிரான்சுவா பக்கம், அடுத்த ஆறு இரவு பாஸ்-தேரில் தேயே அல்லது புயாந்த் பக்கம். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து முற்பகலில் கிளம்பும் விமானம் எட்டரை மணி நேரம் பறந்து, ஐந்து மணி நேர வித்தியாசத்தால் உள்ளூர் நேரப்படி பிற்பகலிலேயே இறங்கும். வாடகைக் காரை வாங்கி வெளியே வருவதற்குள் நாலரை, ஐந்து ஆகிவிடும். சேன்ட்-ஆனுக்கு அரை மணி முதல் முக்கால் மணி, சமதளச் சாலை. அலுப்போடு ஓட்டினாலும் பயமில்லை. தேயேயின் வளைவுகளை முதல் இரவிலேயே ஓட்ட வேண்டாம். பிள்ளைகள் கடலுக்குப் பழகுவதற்கும் சேன்ட்-ஆன் ஊர்க் கடற்கரைதான் சரி. பவளத்திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால் இடுப்பளவுத் தண்ணீர் நெடுந்தூரம் போகும். தேயேயின் கிராந்த்-ஆன்ஸ் கடற்கரை அழகில் எதற்கும் குறைந்ததில்லை. ஆனால் டிசம்பர் முதல் மார்ச் வரை அட்லாண்டிக்கின் வடக்கிலிருந்து வரும் நீளமான அலை அங்கே கரையோரத்திலேயே மடிந்து விழும். பெரியவர்களையே தள்ளிவிடும். அப்படிப்பட்ட நாளில் கடலை விட்டுவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விடுங்கள்.

வில்லாவைத் தேடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது குளமும் கடல் தெரியும் மொட்டைமாடியும். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது தண்ணீர்த் தொட்டி. தீவின் குழாய்கள் பழசு. சுத்திகரித்து அனுப்பும் நீரில் பாதிக்கு மேல் வழியிலேயே கசிந்துபோகிறது. அதனால் பல ஊர்களில் முறை வைத்துத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். கிராந்த்-தேரில் இது அதிகம். விளம்பரத்தில் ‘தொட்டி உண்டு’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். ஆறு பேர், ஆளுக்கு 150 லிட்டர் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 900 லிட்டர். 1000 லிட்டர் தொட்டி ஒரு நாளோடு தீர்ந்துவிடும். 2000 லிட்டருக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். தொட்டியிலிருந்து தண்ணீரைத் தள்ளும் பம்ப் தானாக ஓடுகிறதா, கையால் வால்வைத் திருப்ப வேண்டுமா என்பதையும் கேட்டு வையுங்கள். கையால் திருப்புவதென்றால் வந்த அன்றே வால்வு இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்குச் சோப்பு நுரையோடு தேடுகிற சாமான் அல்ல அது. பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால் கரண்ட் போனால் தொட்டி நிறைய இருந்தாலும் குழாயில் வராது. சமையலறையில் 20 லிட்டர் எப்போதும் பிடித்து வையுங்கள்.

அடுத்தது சர்காசம். 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து பழுப்பு நிறக் கடற்பாசி கூட்டங்கூட்டமாக வந்து கரையில் ஒதுங்குகிறது. அழுகும்போது அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். தலைவலி, கண்ணெரிச்சல் மட்டுமில்லை, கரையோர வீடுகளின் ஏசியையும் ஃப்ரிட்ஜையும் அது அரித்துவிடுகிறது. கிழக்கையும் தென்கிழக்கையும் பார்த்த கரைகளில்தான் வந்து சேரும். மேற்குக் கரையான தேயே, புயாந்த் பெரும்பாலும் தப்பிவிடும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைதான் கடுமை என்றாலும் பிப்ரவரியில் வரவே வராது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. பிரெஞ்சு வானிலைத் துறையின் சர்காசம் முன்னறிவிப்பைக் கிளம்பும் வாரம் பாருங்கள். முன்பதிவு செய்யும்போது, தண்ணீரை ஒட்டிய வில்லாவைவிட கரையிலிருந்து 500 மீட்டர் தள்ளி கொஞ்சம் மேட்டில் இருப்பதை எடுத்தால் நாற்றமும் குறைவு, கிழக்குக் காற்றும் தாராளமாக வரும், வாடகையும் இறங்கும். கடலுக்கு எப்படியும் காரில்தான் போகப்போகிறீர்கள்.

மேடு என்றதும் இன்னொரு எச்சரிக்கை. பாஸ்-தேர் பக்கம் பல வில்லாக்களுக்குச் செங்குத்தான கான்கிரீட் சரிவில்தான் ஏற வேண்டும். மழை பெய்தால் அதன் மேல் பாசி வழுக்கும். ஆறு பேரும் பெட்டிகளும் ஏறிய சின்ன எஞ்சின் கார் பாதியில் நின்றுவிடும். பிறகு பின்பக்கமாகவே இறக்க வேண்டியதுதான். ஏழு இருக்கை வண்டி தீவில் குறைவு, பிப்ரவரிக்கு ஆறு மாதம் முன்பே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் இரண்டு சின்ன கார் எடுங்கள். பல நேரம் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. தாத்தா பாட்டி மதியம் ஓய்வெடுக்கத் தனியாகத் திரும்பவும் வசதி. பெட்ரோல் விலையைத் தீவு முழுவதற்கும் அரசே நிர்ணயிக்கிறது, மலிவான பங்க் தேடி அலைய வேண்டியதில்லை.

குளம் இருந்தால் பிரெஞ்சுச் சட்டப்படி தடுப்பு வேலி, அலாரம், மூடி, கூரை ஆகிய நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருப்பதால் வேலி உள்ளதை மட்டும் எடுங்கள். ஆள் விழுந்த பிறகுதான் அலாரம் கத்தும். வேலியின் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா என்று போன உடனே பாருங்கள், உப்புக்காற்றில் அந்த ஸ்பிரிங்தான் முதலில் துருப்பிடிக்கும். ஏசி படுக்கையறைகளில் மட்டும்தான் இருக்கும். கூடமும் சமையலறையும் காற்றுக்குத் திறந்து கட்டியவை. அது குறையல்ல, அந்த ஊர்ப் பருவத்துக்கு ஏற்ற கட்டுமானம். கொசுவலை மட்டும் எல்லாக் கட்டிலுக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். டெங்கு அங்கே அவ்வப்போது பரவும்.

இனி சாப்பாடு. மாலையில் எல்லோரும் குளித்து உடுத்தி ரெஸ்டாரன்ட் போவது என்ற பாரிஸ் பழக்கத்தை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். தீவின் நல்ல சமையல் மதியத்தில் இருக்கிறது. கடற்கரையோரக் குடும்ப உணவகங்கள் காலையில் வந்த மீனை 12 முதல் 2 வரை பரிமாறுகின்றன. பல இடங்களில் இரவு அடுப்பே எரியாது. ஞாயிறு இரவும் திங்களும் சாப்பிட இடம் கிடைப்பதே பாடு. எனவே மதியம் வெளியே, இரவு வில்லாவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போன் செய்து ஆறு பேர் என்று சொல்லிவிட வேண்டும். இணையத்தில் பதிவு செய்யும் வசதி பல இடங்களில் இல்லை. சிறப்பான இரவு விருந்துக்கு இரண்டு வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒன்றுக்கு தேயே ஊர்க் கரையில், தண்ணீர்மேல் பலகைத் தளம் போட்ட உணவகங்களில் ஒன்று. மேற்குக் கரை என்பதால் சூரியன் கடலில் இறங்குவது தெரியும்; ஐந்தரை மணிக்கே போய் உட்காருங்கள். இன்னொன்றுக்கு வில்லாவுக்கே வந்து சமைக்கும் சமையல்காரரை ஏற்பாடு செய்யுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் ஆள் சொல்வார். ஆறு பேர் என்றால் உணவகக் கணக்கைவிட அதிகம் ஆகாது, தாத்தாவுக்குத் தனியாகச் செய்யவும் சொல்லலாம்.

தெருவில் தவறவிடக் கூடாதது பொக்கித். எண்ணெயில் பொரித்து உப்பிய ரொட்டியைக் கிழித்து, உள்ளே கோழியோ உப்பு மீனோ சூரையோ வைத்துக் கொடுப்பார்கள். மாலையில் வண்டிக்கடைகளில் சூடாகக் கிடைக்கும், ஒன்று ஒரு வேளைக்குக் காணும். கடற்கரையில் மரவாளிக்குள் உப்பும் ஐஸும் போட்டுக் கையால் சுற்றும் தேங்காய்ச் சோர்பே என்னும் ஐஸ்க்ரீமையும் பாருங்கள். லவங்கப்பட்டையும் எலுமிச்சைத் தோலும் மணக்கும்.

வில்லாச் சமையலுக்கு சூப்பர்மார்க்கெட்டை நம்பினால் செலவு எகிறும். பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்சே 2022இல் ஒப்பிட்டபோது உணவுப் பொருள் விலை பிரான்ஸைவிட நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தது. கப்பலில் வரும் தயிர், சீஸ், ஆப்பிள்தான் விலையை ஏற்றுகின்றன. சந்தைப் பொருளோ நம் சமையலுக்கென்றே வைத்தது மாதிரி இருக்கும்: சௌசௌ, பரங்கி, வெண்டை, கத்தரி, சேம்பு, வள்ளிக்கிழங்கு, ஈரப்பலா, மாங்காய். டிசம்பரிலிருந்து பச்சைத் துவரை வரும், பிப்ரவரியிலும் உரித்த பருப்பு ஓரளவு கிடைக்கும். அரிசி, பருப்பு, புளி, பெருங்காயம் மட்டும் பாரிஸிலிருந்து கொண்டுபோங்கள். கறிவேப்பிலை போன்ற பச்சைத் தழைகளைச் சுகாதாரச் சான்று இல்லாமல் கொண்டுபோக முடியாது.

கிழங்கில் மட்டும் கவனம் வேண்டும். 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் கூன்வண்டுக்கு அடித்த குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்து பாஸ்-தேரின் தெற்கு மண்ணில் இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் விளைவதுதான் அதை அதிகம் உறிஞ்சும். வள்ளிக்கிழங்கு, சேம்பு, சர்க்கரைவள்ளி முதலியவை. மரத்தில் காய்க்கும் மாம்பழம், ஈரப்பலா, வாழைப்பழத்துக்கு அந்தப் பயமில்லை. கிழங்கை எங்கே விளைந்தது என்று சொல்லக்கூடிய சந்தைக் கடையில் வாங்குங்கள், சாலையோரம் பெயர் தெரியாத மூட்டையில் வேண்டாம். ஆற்று இறாலும் அப்படித்தான். பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டுச் சாப்பிடுங்கள்.

மீன் சேன்-பிரான்சுவாவிலோ தேயேயிலோ படகு திரும்பும் நேரத்தில், பெரும்பாலும் பத்து மணிக்குமேல் கிடைக்கும். செதில் நீக்கித் துண்டு போட்டே தருவார்கள். ஆழ்கடல் மீனான சூரை, வஞ்சிரம் வகை, டொராடோ என்னும் தங்க மீன் இவற்றுக்கு அது நல்ல பருவம். பெரிய சீலாவை வாங்கவே வேண்டாம். பவளத்திட்டின் பெரிய வேட்டை மீன்களில் சிகுவாதெரா என்னும் நஞ்சு சேரும். கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது.

கொலொம்போ என்ற குழம்பை நீங்களே ஒரு நாள் சமையுங்கள். 1854 டிசம்பர் கடைசியில் ‘ஒரெலி’ என்ற கப்பலில் தொடங்கி 1880களின் இறுதிவரை புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களோடு வந்த சமையல் அது. பொடியில் மஞ்சள், தனியா, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு இருக்கும். மிளகாய் இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ ஆட்டுக்கறி, மூன்று மேசைக்கரண்டி பொடி, ஐந்து பல் பூண்டு, இரண்டு எலுமிச்சை. பாதிப் பொடியையும் பூண்டையும் எலுமிச்சைச் சாற்றையும் கறியில் பிசறி இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். எண்ணெயில் கடுகு, வெந்தயம், சீரகம் கலந்து விற்கும் தாளிப்பு விதையை வெடிக்கவிட்டு, கறியைச் சிவக்க வதக்கி, மீதிப் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நேரடியாகத் தூவினால் அடியில் பிடித்துக் கசந்துபோகும். ஒரு மணி நேரம் கழித்துக் கத்தரிக்காய், சௌசௌ, மாங்காய். கடைசி இருபது நிமிஷத்தில் அந்த ஊர்க் குடைமிளகாய் வடிவ மிளகாய் ஒன்றை முழுசாக, காம்போடு மேலே மிதக்கவிடுங்கள். மணம் மட்டும் இறங்கும். கரண்டி பட்டு உடைந்தால் பிள்ளைகள் யாரும் சாப்பிட முடியாது, அதனால் கிளறுவதற்கு முன் வெளியே எடுத்துவிடுங்கள். தாத்தாவுக்கு இதையே கறி இல்லாமல் பரங்கியும் உருளையும் சேர்த்து அரை மணியில் முடிக்கலாம்.

வெளியே சாப்பிடும்போது தாத்தாவுக்குச் சிக்கல் வருவது எதிர்பாராத இடத்தில். சிவப்புக் காராமணி என்று நினைத்துக் கேட்கும் பயறு மசியலில் பன்றி வால் போட்டிருப்பார்கள். அக்ரா என்பது மாவில் கலந்து பொரிக்கும் பலகாரம்; காய்கறி அக்ராவை மீன் அக்ரா பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பார்கள். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். மாமிசமும் மீனும் இல்லை, உப்புப்போட்ட பன்றியும் இல்லை என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். சௌசௌவைச் சீஸோடு சுட்ட கிராத்தேன், ஈரப்பலா, சோறு, வாழைக்காய் பெரும்பாலான இடத்தில் உண்டு.

மேற்குப் பகுதியில் இருக்கும்போது ஒரு நாளைக் கபேஸ்தேர்-பெல்-ஓவுக்கு ஒதுக்குங்கள். பெரிய சாலையை ஒட்டி ஷாஞ்சியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஆன்ரி சிதம்பரம் 1904 முதல் 1923 வரை வழக்காடித்தான் அங்குள்ள இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் உறுதியாயின. பூசை நாளில் ஆட்டுப் பலி கொடுத்து வாழையிலையில் கொலொம்போ பரிமாறுவது அங்கே வழக்கம். தாத்தாவுக்கு அது சங்கடமாக இருக்குமென்றால் முன்பே விசாரித்துக்கொண்டு வேறு நாள் போங்கள். அதே நாளில் கார்பே அருவிகளில் இரண்டாவதைப் பார்க்கலாம். 110 மீட்டர் உயரம். பார்வை மேடைக்கு அரை மணிக்குள் நடந்துவிடலாம், பாதை பெரியவர்களுக்கும் ஏற்றது. மதியத்துக்குள் மேகம் மூடிவிடும், ஒன்பது மணிக்கே அங்கே இருங்கள். வெந்நீர் ஊற்றுகளில் குளித்தால் தலையை முக்காதீர்கள், பிள்ளைகளைத் தண்ணீரில் குதிக்கவும் விடாதீர்கள். வெதுவெதுப்பான மண்கலந்த நீரில் வாழும் ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிர் தப்புவது அரிது. கடற்கரையில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்த மரம் கண்டால் அது மான்செனில். அதன் கீழ் மழைக்கு ஒதுங்கினாலே சொட்டும் நீர் தோலைச் சுட்டுவிடும். தரையில் கிடக்கும் சின்ன ஆப்பிள் போன்ற காயைப் பிள்ளைகள் தொடக் கூடாது.

பிப்ரவரி என்பதால் கார்னிவல் திருவிழா ஊர்வலங்களோடு மோத நேரலாம். சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறிலிருந்து புதன்வரை கடைகள் பாதி நேரம்தான், சாலைகளும் அடைக்கப்படும். சனிக்கிழமையே நான்கு நாள் சாமான் வாங்கிவிடுங்கள். வில்லா மாறும் நாள் அந்த நான்கில் விழாதபடி தேதியைப் பாருங்கள்.

திரும்பும் விமானம் மாலையில்தான் இருக்கும், வில்லாவைக் காலை பத்து மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். நடுவிலுள்ள ஏழு மணி நேரத்தை வெயிலில் பெட்டி நிறைந்த காரோடு கழிப்பது கொடுமை. முன்பதிவின்போதே பிற்பகல் மூன்று வரை இருக்க அனுமதி எழுத்தில் வாங்குங்கள். கூடுதல் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம். தேயேயிலிருந்து விமான நிலையம் சாதாரணமாக ஐம்பது நிமிஷம், பே-மாஓ நெரிசலைச் சேர்த்து ஒன்றரை மணி வையுங்கள். ரம் பெரியவர் ஒருவருக்கு ஒரு லிட்டர்தான் வரியில்லாமல் கொண்டுபோகலாம். வாழைப்பழமும் அன்னாசியும் தேங்காயும் தடையில்லை. மாம்பழத்துக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். அந்தச் சான்றோடு பெட்டி கட்டித் தருகிற கடையில் வாங்கினால் ஓர்லியில் பிடுங்கமாட்டார்கள்.